கண் வைப்பது கடைசியில்

பிப்ரவரி. புகை போகட்டும் என்று
கராஜ் கதவை ஒரு சாண் தூக்கி வைத்தேன்.
அந்த ஒரு சாண் வழியே
வடக்கு மினசோட்டாவின் குளிர் முழுவதும் உள்ளே வந்து
காலடியில் நாய் போலப் படுத்துக்கொண்டது.

டயர் கடையில் சக்கரங்களிலிருந்து நான் கழற்றிய எடைகள்
ஒரு வாளி நிறைய.
யாருடைய லாரியோ, பள்ளிப் பேருந்தோ, பாதிரியாரின் ப்யூக்கோ
ஆடாமல் ஓட உதவியவை.
ஒவ்வொன்றையும் குறடால் கடித்துப் பார்ப்பேன்.
பல் பதிந்தால் ஈயம்.
வழுக்கினால் துத்தநாகம், ஆகாது.
ஒன்று தப்பி விழுந்தாலும்
சட்டி முழுக்கக் கஞ்சியாய்த் திரிந்துவிடும்.

உருகியது. மேலே கிளிப்புகள், மசி, பழைய சாலைகளின் மண்.
கரண்டியால் ஒதுக்கினால் அடியில்
முகம் பார்க்கும் கண்ணாடி.
நான் முகமூடியில் இருந்தேன், அதற்கு ஆள் தெரியவில்லை.

ஈரம் மட்டும் கூடாது.
ஒரு வருஷம், தொப்பியிலிருந்து ஒரு பொட்டுப் பனி
அச்சுக்குள் சொட்டியதைப் பார்க்காமல் ஊற்றினேன்.
ஈயம் எழுந்து வந்தது.
மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது,
அரைக்கால் அவுன்ஸ் அளவுக்கு ஒரு வெள்ளை வட்டம்.

முள்ளைப் படுக்க வை. மூடு. ஊற்று. ஐந்து எண்ணு. திற.
எட்டுத் தலைகள், எட்டுக்கும் கொக்கி வால்.

பிறகு நிறம்.
டார்ச்சில் சூடு காட்டி பவுடரில் ஒரு முக்கு.
சூடு கூடினால் கட்டி தட்டும், குறைந்தால் ஒட்டாது.
டோஸ்டர் அடுப்பில் தொங்கவிட்டால்
தன்னைத்தானே நக்கிக்கொண்டு பளபளக்கும் பச்சை.
பச்சை என்றா சொன்னேன்?
எலுமிச்சைக்குக் காய்ச்சல் வந்தால் என்ன நிறமோ அது.
கலங்கல் தண்ணீரில் வால்ஐ மீன் அதைத்தான் கேட்கும்
என்பது ஹார்லனின் கட்சி.
மீனா காசு கொடுக்கிறது, ஹார்லன்?
என்பது என் கட்சி.
அவன் கடையில் புழுப் பெட்டிக்கு மேலே
காபி டப்பாவில் என் ஜிக்குகள், ஒன்று எழுபத்தைந்து சென்ட்.

கண் வைப்பது கடைசியில்.
சிலை செய்கிறவர்களும் அப்படித்தான் என்று எங்கோ படித்தேன்.
பெரிய ஆணியின் தலையால் வெள்ளை,
காய்ந்ததும் சின்ன ஆணியால் கறுப்பு.
இடக்கண் பாப்பா மட்டும் எனக்கு எப்போதும்
கொஞ்சம் கீழே இறங்கிவிடும்,
தரையில் சாவியைத் தேடுகிற மாதிரி.
தழும்பு இழுக்கும் திசை அது.

ஜூனில் படகுத்துறை மணலில் ஒரு லூன் பறவை.
கூட்டுக்குத் தவிர கரையேறாத ஜென்மம்
இரண்டு நாள் தலை தொங்கக் கிடந்ததாம்.
வனவிலங்குத் துறையின் கோரின் அதை அறுத்துப் பார்த்துவிட்டு
ஒரு பிளாஸ்டிக் பையை
ஹார்லனின் கல்லா மேல் வைத்தாள்.
அரைப்பதற்கென்று பறவை விழுங்கிய கூழாங்கற்கள்,
நண்டு ஓட்டுத் துணுக்கு,
அவற்றோடு சேர்ந்து அரைபட்ட ஓர் ஈயத் தலை.
ஒரு பக்கம் வழுவழுவென்று சாம்பல்.
மறுபக்கம் கண் இருந்தது.
கீழே பார்த்துக்கொண்டு.

ஹார்லன் பையைப் பார்த்தான், டப்பாவைப் பார்க்கவில்லை.
நான் காபிக்குக் காசு வைத்தேன்.
மீதி வாங்கிக்கொள்ளாமல் வெளியே வந்தது
வண்டியில் ஏறிய பிறகுதான் தெரிந்தது.

மறுபடி பிப்ரவரி.
பிஸ்மத், கொஞ்சம் தகரம். எடைக்கு எடை ஈயத்தைப் போல் பலமடங்கு விலை.
ஈயம் ஆறும்போது ஒடுங்கும்.
இது ஊதும், வெளியே ஏரி செய்வதைப் போல.
அச்சைப் பிடித்துக்கொண்டு வர மறுக்கிறது,
தட்டித் தட்டித்தான் எடுக்கிறேன்.
விலை ஏன் ஏறியது என்றான் ஹார்லன்.
பெயின்ட் ஏறிவிட்டது என்றேன்.

ஈய வாளி பெஞ்சுக்கு அடியில் அப்படியே இருக்கிறது.
ஒன்பது குளிர்காலம், குளிர்காலத்துக்கு எழுநூறு.
பாறை இடுக்கில் மாட்டி, மூழ்கிய மரத்தில் மாட்டி
அறுந்து போனவை எத்தனை என்று
பனிக்கட்டிக்கு மேலே நின்று கணக்குப் போட்டேன்.
பாதியில் விட்டேன்.

கண் வைக்கிறேன்.
வலது நேராக வருகிறது.