நங்கூரக் கணக்கு

நீரோடியில் கரண்ட் போய் வந்தபின்
மறுபடி திறக்கிறேன் அந்த அட்டவணையை.
கப்பலின் மதிய அறிக்கை:
எரித்த எண்ணெய் நான்கு டன்.
மூன்று புள்ளி ஒன்று ஒன்று நான்கால் பெருக்கு.
கரியமிலவாயு பன்னிரண்டரை டன், கொஞ்சம் குறைய.

டெல்பி மைனி ஒத்துக்கொள்ளவில்லை.
"எரிஞ்சா கொறையத்தானே செய்யும் பிள்ளே,
வெறகு சாம்பலாவுத மாதிரி."
காற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது என்றேன்.
"ஓ, கடனா" என்று
ஐஸ் பெட்டி கழுவிய விரலால் திரையைத் தொட்டாள்.
ஏழாவது பத்தியில் ஒரு மீன்செதிள்.

அது தூரத்துக்கான பத்தி.
பூஜ்ஜியம்.
நான்கு நாளாக விழிஞ்ஞத்துக்கு வெளியே
முறை காத்து நிற்கிறது.
மாடியேறினால் அதன் விளக்கு தெரியும்,
அதன் விளக்குதானா என்று தெரியாது.

ஒரு மைலுக்கு எவ்வளவு புகை என்கிறது படிவம்.
பூஜ்ஜியத்தால் வகுக்கச் சொன்னதும்
கட்டம் சிவந்துபோகிறது.
"காலியா கெடக்கட்டே," கொச்சியிலிருந்து ஷைஜு,
"வருஷக் கணக்குல அது கரைஞ்சு போகும்."

"நம்ம வள்ளம்
வலை போட்டுட்டு எஞ்சின அணைச்சுல்லா கெடக்கும்?"
மைனி வாசலிலிருந்து கேட்டாள்.
மண்ணெண்ணெய் விலை அவள் நாக்கு நுனியில் இருக்கிறது.
அங்கே குளிர்பெட்டிகள் இருக்கின்றன, அணைக்க முடியாது என்றேன்.
"உள்ள என்ன?"
"அது என் பத்தியில் இல்லை."

குறிப்புகள் கட்டம்
இருநூறு எழுத்துவரை ஏற்கும்.
நின்றது, என்று எழுதினேன்.
இன்னும் நிறைய இடம் இருந்தது.