ஒன்றரை எருமை

லாபிர் சாவியை மேசையில் வைத்தார்.
"ஒரு கிழமை ஓடிப் பாருங்க, டொக்டர்.
புடிச்சா மாத்துவம்.
மேலால ஒரு சதமும் வேணாம்."
சாம்பல் நிற டபுள் கெப், நாலு சில்லும் இழுக்கும்.
பக்கத்தில் என் எம்.ஜி. மிட்ஜெட்
நாய் குந்தியிருக்கிற உயரத்தில் நின்றது.

அறுபத்தேழாம் ஆண்டு வண்டி. கடும்புப்பால் நிறம்.
பதுளையில் ஒரு தோட்டத்துரையின்
கோழிக்கூட்டுக்குப் பின்னால் கிடந்தது.
முதல் சம்பள நிலுவை முழுவதையும் கொடுத்தேன்.
மகாஓயா வரும் வழியில் பிரேக் போனது.
அன்றைக்கே பழகிவிட்டோம், இரண்டு பேரும்.

பதினான்கு வருசம்.
இடது சீட்டில் தடுப்பூசிப் பெட்டி, பெல்ட் போட்டு.
காலடியில் நீளக் கையுறை, கயிறு, அயடீன்.
வலையிறவுப் பாலம் தாண்டிப் படுவான்கரை.
வெளியில் மழை விட்ட பிறகும்
உள்ளே கொஞ்ச நேரம் பெய்யும்.
லைட் போட்டால் வைப்பர் நிற்கும்,
வைப்பர் போட்டால் லைட் மங்கும்.
இருட்டும் மழையும் உள்ள நாட்டில்தான் செய்தார்களாம்,
நம்ப முடிகிறதா?
செல்வின் ஓக்கஸ் மட்டும்தான் அதன் வயரிங்கைத் தொடுவான்.
தொட முன்னம் சிலுவை போடுவான்.

"இதுக்குள்ள இறங்கிறது கிணத்துக்குள்ள இறங்கிற மாதிரி,"
என்பார் தயாநிதி, முழங்காலைத் தடவிக்கொண்டு.
கல்யாண வீடுகளுக்கு அவர் ஆட்டோவில் வருவார்.
நான் முன்னால் போய்க் காத்திருப்பேன்.
சில நாள் அவர் காத்திருப்பார்.

கெப்பில் ஒரு கிழமை ஓடினேன்.
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அதுதான் வில்லங்கம்.
உன்னிச்சை வாய்க்கால்கட்டில் ஏறியது, இறங்கியது.
கால் முறிந்த நாம்பன் கன்றொன்றை
பின்சீட்டில் சாக்கு விரித்துக் கொண்டுவந்தேன்.
அது கண்ணாடியில் மூக்கை வைத்து மூச்சு விட்டது.
மிட்ஜெட் என்றால் அதை யாருடைய
மோட்டார் சைக்கிளிலோ குறுக்கே கிடத்தியிருப்போம்.
இதை நான் மறைக்கக் கூடாது.

ஆனால் பட்டிக்குப் போனால் ஒரு மாடும் கட்டியிருக்கவில்லை.
"உங்கட சத்தம் கேட்டாத்தானே மாட்டை வளைப்பம்,"
என்றான் சாமித்தம்பி.
"இது ஓசையில்லாம வந்திச்சு.
வன இலாகா எண்டு நினைச்சி
பொடியன்மார் மாட்டை மற்றப் பக்கம் துரத்திட்டானுகள்."
அரை மணித்தியாலம் ஏசிக்குள் இருந்தபடி பார்த்தேன்,
என்னிடமிருந்து தப்பிய மாடுகளை
என்னிடமே திரும்பக் கொண்டுவருவதை.

ஆறாம் இரவு மழை பிடித்தது. ஐப்பசி.
கொட்டிலுக்குள் கெப், முற்றத்தில் மிட்ஜெட்.
குடை இல்லாமல் போனேன்.
ஸ்டார்ட் எடுக்கவில்லை, ஒரு இருமல்கூட இல்லை.
கெப்பை வெளியே எடுத்து விட்டு
இதை நியூட்ரலில் போட்டுத் தள்ளினேன், தனியே,
ஒரு கை ஸ்டியரிங்கில், தோள் கதவுச் சட்டத்தில்.
ஒன்றரை எருமை எடை.
நகர்ந்தது.
கெப்பை இப்படித் தள்ள ஊர் திரள வேண்டும்.
இது ஒரு காரணமா என்று நனைந்தபடி யோசித்தேன்.
இல்லை.
கெப்பைத் தள்ள வேண்டி வராது.

காலையில் லாபிர் வந்தார்.
எது கொட்டிலுக்குள், எது மழைக்குள் என்று பார்த்தார்.
ஒன்றும் கேட்கவில்லை. பிளேன்டீ குடித்தார்.
"சீட்டில சாணி மணக்குது," என்று மட்டும் சொல்லி
ஏறி உட்கார்ந்து ரிவர்ஸ் எடுத்தார்.

போன் அடித்தது. சாமித்தம்பி.
பசு ஈன மாட்டாமல் கிடக்கிறது,
கன்றின் ஒரு கால் மட்டும் வெளியே.
"ரோட்டுக்கு மேலால தண்ணி பாயுது, டொக்டர்."
எவ்வளவு?
"முழங்காலுக்கு."
ஆருட முழங்கால்?
கொஞ்சம் யோசித்தான்.
"மாட்டுட."

லாபிர் இன்னும் கேற்றைத் தாண்டவில்லை.
பின்பக்கச் சிவப்பு லைட் இரண்டும்
மழைக்குள் எரிந்துகொண்டிருந்தன.