அடைவு மட்டம்

வலயத்திலிருந்து வந்தவருக்கு நேரமில்லை.
"தரம் நாலில் ஒராள் வாசிக்கட்டும்" என்றார்.
டிலக்சன் எழும்பினான்.
முப்பத்தோராம் பக்கம்.
முற்றுப்புள்ளியில் மூச்சுவிட்டு,
ஒரு பிழையில்லாமல்.
படிவத்தில் எழுதினார்:
அடைவு மட்டம் நன்று.

புத்தகம் தலைகீழாய் இருந்ததை
நான் மட்டும் கண்டேன்.
சொல்லவில்லை.
போன தவணை முழுக்க
அந்தப் பக்கத்தைப் பாடமாக்க வைத்ததும் நான்தான்.

மணியடித்த பிறகு,
குருநகர் ஐஸ் லொறி இரைந்துபோக,
அவன் மட்டும் நின்றான்.
காற்சட்டைப் பைக்குள்ளிருந்து
மீன் மணக்கும் கடிதம்.
"ரீச்சர், இதில என்ன கிடக்கு?
அம்மா கேட்டவ."

கூட்டுறவு வங்கி. சங்கிலி. இன்னும் பதினாலு நாள்.
வாசித்துச் சொல்ல அரை நிமிடம் போதும்.

வெண்கட்டியை அவன் கையில் வைத்தேன்.
அ.
அம்மா இல்லை, அணில் இல்லை.
டை. முன்னால் போடும் இரட்டைச் சுழியில்
இரண்டுதரம் வழுக்கினான்.
வு.

"அடைவு" என்றான்,
தானே, மெதுவாக.
வீட்டில் அடிக்கடி கேட்ட சொல்
இப்படித்தான் இருக்குமென்று
அவனுக்கு இன்றைக்குத்தான் தெரிந்தது.

கடிதத்தில் இன்னும் நாற்பத்தொரு சொல்.
வெளியே பொழுதுபடுகிறது.
அடுத்ததில் விரலை வைத்துவிட்டு
என்னைப் பார்க்கிறான்.