பன்னிரண்டு மீட்டர்

சிலாவோஸுக்கு ஏறிவரும் சாலையில்
நானூறு வளைவுகள் என்பார்கள்.
வளைவுக்கொரு காய் கன்றித்தான்
வாழைப்பழப் பெட்டி என் கடைக்கு வரும்.
ஏற்றுக்கூலியால் விலை கூட,
விலையால் விற்பனை குறைவு.
பதினொரு மாதம் இதுதான் பிழைப்பு.

அக்டோபரில்
தீவை முனைக்கு முனை காலால் அளக்க
ஒரு கூட்டம் கிளம்பும்.
வெள்ளி இரவு எங்கள் ஊருக்குள் இறங்கும்,
நெற்றியில் விளக்கு,
கன்னத்தில் காய்ந்த உப்பு.

அன்றைக்கு
ழோஸ்லின் வீட்டுக் கட்டில்கள் மணிக்கணக்கில் வாடகை.
இருபது நிமிடத் தூக்கம் நான்கு யூரோ.
எழுப்பிவிட ஐம்பது சென்ட் தனி.
ரொட்டிக்கார பயே இரவு பத்துக்கே அடுப்பு மூட்டுகிறார்.
பருப்பு விற்கும் வெல்லாயன்
கால்கிலோ பைகளுக்கு ரிப்பன் கட்டி
அரைக்கிலோ விலை போடுகிறான்.
ஊருக்கே நன்மை என்று மைக்கில் சொன்னார் மேயர்.
ஊர் என்பது எந்தத் தெருவோடு முடிகிறது
என்று சொல்லவில்லை.

மாதா கோயில் முக்கில் கட்டிய ஆரஞ்சு நாடா
'சினிமாலே பலசரக்கு' என்ற பலகையைக்
கண்ணெடுத்தும் பாராமல்
இடதுபக்கம் திரும்பிவிடுகிறது.
அந்தப் பக்கம் கம்பெனிக் கூடாரம்.
அங்கே சூப் இலவசம், தண்ணீர் இலவசம்,
வாழைப்பழமும் இலவசம்,
கன்றாத பழம்.

நான் பன்னிரண்டு மீட்டர்தான் நகர்த்தினேன்.
இரவு ஒன்றரை மணி.
நாய் ஒன்று பார்த்தது.
அதற்கும் ஒரு துண்டு சொசீஸ் கொடுத்தாயிற்று.
நூற்றறுபது கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு
பன்னிரண்டு மீட்டர் என்ன,
மழைக்கு ஒதுங்குகிற தூரம்.

ஒதுங்கினார்கள்.
கூடாரம் மறந்ததெல்லாம் என் கடையில் இருந்தது.
ஊக்கு, நகவெட்டி, விளக்குக்கு பாட்டரி,
தொடை உரசலுக்கு வாசலின்,
ஒரு ஜெர்மன்காரிக்கு என் மகனின் பள்ளிக்கூடக் காலுறை.
கல்லாப்பெட்டி மூட நேரமில்லை.
ஐந்து யூரோ நோட்டுகள்
வியர்வையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன.
பிரித்து
குளிர்பெட்டிமேல் காயவைத்தேன்.

மூன்றரைக்கு அவர் வந்தார்.
ஒரு கால் செருப்பில்லாமல், செருப்பு கையில்.
குதிகாலில் நாவற்பழம் அளவு கொப்புளம்.
ஊசி கேட்டார். கொடுத்தேன்.
கை நடுங்கியது அவருக்கு.
நானே வாங்கி, லைட்டரில் சுட்டு, குத்தினேன்.
தண்ணீர் வழிந்து சிமெண்டில் பரவியது.

வலியை மறக்க எண்ணிக்கொண்டு நடப்பாராம்.
"போன வருஷம் கோயில் முக்கிலிருந்து கூடாரம்
இருநூற்றுப் பத்து அடி.
இன்றைக்கு
இருநூற்றுப் பத்து வந்துவிட்டது,
கூடாரம் வரவில்லை.
ஊர் வளர்ந்துவிட்டதோ?"

வளர்ந்துவிட்டது, என்றேன்
பிளாஸ்டரின் ஓரத்தை அழுத்திக்கொண்டே.

எவ்வளவு என்று கேட்டார்.
ஊசி பாக்கெட் ஒன்று இருபது,
பிளாஸ்டர் மூன்று தொண்ணூறு.
வாய் வரவில்லை.
போங்கள், மழை வரப்போகிறது என்றேன்.
வானத்தில் நட்சத்திரம் இருந்தது.
அவர் இரண்டு யூரோவை வைத்துவிட்டு
கன்றிய பழம் ஒன்றை எடுத்துக்கொண்டு போனார்.
என் பெட்டியிலிருந்து
அன்றிரவு விலைபோன ஒரே பழம்.

நொண்டி நொண்டி முக்குவரை போகும் விளக்கைப் பார்த்துநின்றேன்.
அவருக்குப் பின்னால் மலையில்
இன்னும் சரம்சரமாக விளக்குகள்
இறங்கிக்கொண்டிருந்தன.

நோட்டில் எழுதினேன்:
வரவு நானூற்றுப் பதினெட்டு.
எதிர்ப்பக்கம்
பன்னிரண்டு மீட்டர் என்று எழுதி
யாருக்கு என்பதை எழுதாமல் விட்டேன்.

நாடாவை அப்போதே
பழைய இடத்தில் கட்டியிருக்கலாம்.
ஆறு மணிக்குத்தான் கட்டினேன்.
பாட்டரி
இன்னும் ஒன்பது இருந்தது.