கூடுதல் ஒன்று

பகல் முழுக்கப் பல் மருத்துவமனையில்
பிறர் வாய்களுக்கு விளக்குப் பிடிக்கிறவள் நான்.
இரவில், தட்டுகளைக் கவிழ்த்து வைத்தபின்,
மேசையில் விரிக்கிறேன்
ஆயிரத்து எண்ணூற்று அறுபத்தைந்தின் தலைக்கணக்கை.

டிசம்பர் முப்பத்தொன்று.
யார் எந்தக் கூரையின் கீழ் என்று
நார்வே தன்னைத் தானே எண்ணிப் பார்த்த இரவு.
எங்கள் கரையை எண்ணியவர் பள்ளி ஆசிரியர்.
கோழி கிளறிய கையெழுத்து.
அவருடைய என்னுக்கும் யூவுக்கும் வித்தியாசம் பிடிபட
எனக்கு இரண்டு குளிர்காலம் ஆயிற்று.

ஆட்களோடு அதே தாளில் கால்நடையும்:
பசு இரண்டு, செம்மறி ஏழு,
விதைத்த உருளைக்கிழங்கு மூன்று பீப்பாய்,
பன்றிக்கான பத்தியில் ஒரு கோடு.
கோடு என்றால் இல்லை.

நான் தேடியது
அம்மாவழியில் ஆறு தலைமுறை முந்தியவளை.
கூரி ஹால்வோர்ஸ்தாத்தர்.
ஹால்வோரின் மகள் கூரி, அவ்வளவுதான் பெயர்.
அதன் பின்னால் பண்ணையின் பெயர் ஒட்டிக்கொள்ளும்,
பண்ணை மாறினால் உரிந்து விழும்.
பண்ணையே இல்லாதவளைத் தேடுவது
தண்ணீரில் தடம் பார்ப்பது.

கிடைத்தாள்.
ஸ்கோர்வேன் பண்ணையின் கடைசி வரியில்,
மாடு மேய்க்கும் பையனுக்கும் கீழே:
விதவை, அறுபத்தொன்று, முறையாள்.

நிலம் போனவளை ஊர் பட்டினி போடாது,
முறை வைக்கும்.
இத்தனை நாள் இந்த வீட்டுக் கஞ்சி,
இத்தனை நாள் அந்த வீட்டுக் கஞ்சி.
பெரிய பண்ணைக்கு நாள் அதிகம்,
சின்னதற்குக் குறைவு.
நாள் முடிந்தால் மூட்டையோடு அடுத்த வாசல்.
கூரிக்கு வாசல் தெரியாது.
பார்வையற்றோர் பத்தியில் ஒன்று என்று போட்டிருக்கிறது.

ஒன்பது தாள் தள்ளி,
ஆற்றின் அக்கரை,
வேறொருவரின் உருண்டையான எழுத்து,
ட்வேர்லிடென் பண்ணை:
கூரி ஹால்வோர்ஸ்தாத்தர், விதவை, முறையாள்,
ஐம்பத்தெட்டு.
பிறந்த ஊர் அதேதான்.
பார்வையற்றோர் பத்தியில் அதே ஒன்று.

தண்ணீர் குடித்துவிட்டு வந்து மறுபடி பார்த்தேன்.

முறை மாறும் நாளாக இருந்திருக்கும்.
உறைந்த ஆற்றின் மேல்
யாரோ சறுக்குவண்டியில் உட்கார்த்தி இழுத்திருப்பார்கள்.
அதெல்லாம் சரி.
"எங்களிடம் இல்லை, அக்கரையில் கேளுங்கள்"
என்று இரண்டு வீடும் கைவிரித்திருந்தால்
எனக்கு ஆச்சரியமே இல்லை.
அப்படித்தான் எதிர்பார்த்தேன், வெட்கமாக இருக்கிறது.
இரண்டு வீடும் சொன்னது:
இங்கேதான் இருக்கிறாள்.

சபைக்குப் பயந்தா?
அந்தப் பனியில் எதற்கு அனுப்பினாய் என்று
யாராவது கேட்பார்களென்றா?
இல்லை, ஒரு வீட்டில் அவள் உட்கார்ந்த இடம்
இன்னும் ஆறாமல் இருந்ததா?
தாள் சொல்லாது.
தாளுக்குப் பத்திகள்தான் உண்டு.

வரலாற்றுக் கழகத்தின் ஓஸ்முண்ட்
மூக்குக்கண்ணாடியைத் துடைத்தபடி சொன்னார்:
"பிழை. திருத்தப் படிவம் இருக்கிறது.
ஒன்றை அடித்துவிடு."
எதை?
"வயது தப்பாக இருப்பதை."
ஞானஸ்நானப் புத்தகத்தைத் திறந்தோம்.
அறுபது.
இரண்டுமே தப்பு.
அவர் காபி ஊற்றப் போய்விட்டார்.

அந்த வருடத்து மொத்தம்
பதினேழு லட்சத்துச் சொச்சம் பேர்.
அமைச்சர்கள் அதைப் படித்திருப்பார்கள்,
அதை வைத்து வரி போட்டிருப்பார்கள்.
அந்தச் சொச்சத்துக்குள்
ஒரு குருட்டு விதவை
இரண்டு கணப்பருகே உட்கார்ந்திருக்கிறாள்.
ஊருக்கு மிகுதியானவள்,
நாட்டுக்கும் மிகுதியாக.

எழுபத்தைந்தின் கணக்கில் தேடினேன்.
ஸ்கோர்வேனில் இல்லை.
அக்கரையில் இல்லை.
அடக்கப் பதிவில் அந்தப் பத்து வருடம்
ஈரம் பட்டு ஒட்டிக்கொண்டு கிடக்கிறது,
பிரித்தால் கிழியும் என்கிறார்கள்.

ட்வேர்லிடெனில் இப்போது பசு மூன்று.
பன்றி ஒன்று.