குறை ஏதும் இல்லை

ஷார்ஜா தொழிற்பேட்டையில்
டயர் கடைகளுக்குப் பின்னால்
ஆறு கால்களில் நிற்கிறது எங்கள் விமானம்.
எங்கேயும் போனதில்லை.

இரவு இரண்டரை மணிக்கு வாடகை மலிவு.
மெர்வின் மச்சாது வந்திருந்தான்,
இங்கத்திய உரிமத்துக்கு மாற.
தேர்வாளர் நசீம் பேரீச்சம்பழம் நீட்டினார்.
பிறகு பாதி ஓடுபாதையில்
வலது எஞ்சினை அணைத்தார்.

மூக்கு வலப்பக்கம் இழுக்கும்.
இடது பெடலை மிதிக்க வேண்டும்.
மிதித்தான்,
ஒன்றரை நொடி பிந்தி.
திரையில் கடல் சாய்ந்து வந்து
சிவப்பாக நின்றது.

வெளியே வந்தவன் நேரே என்னிடம்:
"அண்ணே, பெடல் கொஞ்சம் இறுகலா இருந்துச்சுல்ல?"
தூத்துக்குடிப் பேச்சு.
முப்பது லட்சம் கடன் என்று
டீ குடிக்கையில் சொல்லியிருந்தான்.

பராமரிப்புப் பொறியாளன் நான்.
'இறுக்கம் உண்டு' என்று எழுதினால்
இன்றைய தேர்வே நடக்கவில்லை.

உள்ளே போய் உட்கார்ந்தேன்.
ஷூவைக் கழற்றி
வெறுங்காலால் மிதித்தேன், மூன்று முறை.
அளவுமானி வைத்தும் பார்த்தேன்.
வெண்ணெயாக இறங்கியது.

பதினெட்டாம் தேதி எனக்குத் திருச்சிக்கு டிக்கெட்.
அதை ஓட்டப்போகிறவர்
தேறிய இரவில்
பெடலை மிதித்துப் பார்த்தது யாரோ,
என்ன எழுதினானோ.

'குறை ஏதும் இல்லை.'
கையெழுத்து, நேரம் 04:10.

மச்சாது எட்டிப் படித்தான்.
ஒன்றும் சொல்லவில்லை.
வாசலில் டாக்சி வரும்வரை
இடது காலால்
தரையை மிதித்துக்கொண்டே நின்றான்.