ஒன்றரை மில்லி

கரகண்டாவிலிருந்து எந்தத் திசையில் நடந்தாலும்
கடல் வராது.
நிலக்கரி வரும், புல்வெளி வரும்,
நடந்துகொண்டே இருந்தால் எல்லைச் சாவடி வரும்.
ஆனாலும் எங்கள் ஐந்தாம் மாடியில்
அலமாரிக்கும் ஹீட்டருக்கும் நடுவே
முந்நூறு லிட்டர் கடல் இருக்கிறது
நீல விளக்கின் கீழே.

அதற்குத் தோலெகன் படியளப்பது
என் சமையலறையிலிருந்து.
சமையல் சோடாவைத் தட்டில் பரப்பி
ஒரு மணி நேரம் அடுப்பில் வாட்டுவான்,
எந்த வாசனையும் வராத சமையல்.
பவளத்தின் எலும்புக்காம்.
பேதி உப்பு மக்னீசியத்துக்காம்.
பொட்டலத்தின் பருமனைப் பார்த்து
மருந்துக்கடைப் பெண்
அவன் மேல் இரக்கப்பட்டாளாம்.

பிறகு ஒரு நாள் வோட்கா.

நாலு வருடம் ஏழு மாதம்
இந்த வீட்டுக்குள் ஒரு பாட்டில் நுழைந்ததில்லை.
கல்யாணங்களில் கோப்பையைக் கவிழ்த்து வைப்பான்.
நான் மணப்பெண்ணைப் பார்த்ததைவிட
அந்தக் கோப்பையைப் பார்த்ததுதான் அதிகம்.

"எனக்கில்லை, பாக்டீரியாவுக்கு" என்றான்.
கண்ணுக்குத் தெரியாத குடிமக்கள்.
குடித்துப் பெருகும்,
பெருகி நைட்ரேட்டைத் தின்னும்,
தின்றதோடு நுரையில் ஒட்டிக்கொண்டு வெளியேறும்.
ஊசி கழற்றிய சிரிஞ்சில்
நாளுக்கு ஒன்றரை மில்லி.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
பாட்டிலின் முதுகில்
புருவப் பென்சிலால் கோடு போட்டேன்.
வாரம் ஒரு கோடு.
இரண்டு கோடுகளுக்கு நடுவே
ஒரு எறும்பு நுழையலாம், அவ்வளவுதான்.

எட்டு வாரம் அப்படியே போனது.
பவளத்தின் நுனிகளில் ஊதா ஏறியது.
ஒன்பதாவது வாரம்
அரை விரற்கடை இறங்கியிருந்தது.

அன்றிரவு தூங்குகிறவன் வாயருகே குனிந்து
திருடி போல முகர்ந்தேன்.
தேநீர். சூரியகாந்தி விதை.
வேறொன்றும் இல்லை.
அதுதான் இன்னும் பயமாக இருந்தது,
இவ்வளவு நன்றாக மறைக்கக் கற்றுக்கொண்டானா?

மூன்று மணிக்கு அவன் என் பெயரைக் கத்தினான்,
"ராய்கான்!"
தொட்டி பாலாகத் திரிந்திருந்தது.
கோமாளி மீன் இரண்டும் மேல்மட்டத்தில்
வாயைத் திறந்து திறந்து மூடின.
வெளியே மைனஸ் இருபத்தெட்டு,
ஜன்னலை அகலத் திறந்தோம்.
அவன் பம்பைத் தூக்கிப் பிடித்துக் காற்றை அடிக்க
நான் சூப்புக் கரண்டியால் கடலை மொண்டு
உயரத்திலிருந்து ஊற்றினேன்,
சூடான பாலை ஆற்றுவது போல,
விடியும் வரை.

"இறங்கவே மாட்டேனென்றது.
கொஞ்சம் கூட்டினேன்."

கொஞ்சம் கூட்டினேன்.
இதே வாயிலிருந்து, இதே மூன்று மணிக்கு
இதை முன்பும் கேட்டிருக்கிறேன்.
அவன் காதிலும் விழுந்திருக்க வேண்டும்.
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மஞ்சள் மீன் போய்விட்டது.
பவளத்தில் பாதி வெளுத்துவிட்டது.
மீதியை ஊற்றிவிடுவதற்காகப் பாட்டிலைத் தூக்கியவன்
வெளிச்சத்தில் திருப்பினான்.
கோடுகளை எண்ணினான். ஒன்பது.
கோபப்படவில்லை.
"புருவப் பென்சிலா?" என்று மட்டும் கேட்டான்.
சிங்க்கில் அது இறங்கி முடியும் வரை
இரண்டு பேரும் நின்றோம்,
யாரும் மூச்சை ஆழமாக இழுக்கவில்லை.

இப்போது வினிகர்.
கீழ்வீட்டு லிடியா வெள்ளரிக்காய் ஊறப்போடும் அதே வினிகர்.
அளவு கூடுதல், வேகம் குறைவு,
வீடெல்லாம் ஊறுகாய் நாற்றம்.

பழக்க தோஷம்,
அந்தப் பாட்டிலிலும் ஒரு கோடு இழுத்திருந்தேன்.
மறுநாள் சோடா எடுக்கப் போனபோது
என் கோட்டுக்குப் பக்கத்தில்
அவன் கையெழுத்தில் ஒரு தேதி,
என் பென்சிலாலேயே.